நவம்பர் இரண்டாம் தேதிக் கூட்டம்

லோஹா
12 செப்டம்பர் 2013

மதிப்பிற்குரிய செவிலிப் பேராசிரியர் நிமியா ஒஹேதா அவர்களுக்கு,

வணக்கம். சான் செபஸ்தியான் பல்கலைக்கழகத்தின் தர மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து இக்கடிதம் எழுதப்படுகிறது. நமது பல்கலைக்கழகத்தை ஆய்வு செய்ய அரசு நியமித்த நான்கு மதிப்பீட்டாளர்கள் அக்டோபர் 7, திங்கட்கிழமை வருகை தருகின்றனர். ஒவ்வொரு துறையும் மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று அளந்ததா, அளந்ததைக் குழுவில் விவாதித்ததா, அதன்பின் பாடத்தைத் திருத்தியதா என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பார்கள்.

செவிலியர் துறையின் மதிப்பீட்டுக் குழுவில் தாங்கள் 2010 ஜனவரி முதல் 2011 பிப்ரவரியில் பணி விலகும்வரை உறுப்பினராக இருந்தீர்கள். அக்காலத்தில் நடைபெற்ற பதினான்கு கூட்டங்களின் குறிப்புகள் இத்துடன் உள்ளன. என்னையும் சேர்த்து மற்ற நான்கு உறுப்பினர்களும் கையொப்பமிட்டுவிட்டோம். தங்கள் கையொப்பம் மட்டுமே மீதம். ஒவ்வொரு குறிப்பின் கடைசிப் பக்கத்திலும் நீல மையில் இடவும். கறுப்பு மையில் இருந்தால் நகல் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கோப்பைப் பேருந்துப் பார்சலிலேயே திருப்பி அனுப்பலாம். விரைந்த ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
எனித் சமனியேகோ
இயக்குநர், தர மதிப்பீட்டு அலுவலகம்

பி.கு. தமாரா நலம். இங்கேயே செவிலியர் படிப்பில் கடைசி வருடம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.


போர்த்தோவேலோ
17 செப்டம்பர் 2013

எனித்,

மதிப்பிற்குரிய செவிலிப் பேராசிரியரா? என் கல்யாண முக்காட்டைத் தைத்துக் கொடுத்தவள் நீ. உன் மகள் தமாராவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான். இரண்டரை வருடம் கழித்து ஒரு கடிதம் போடுகிறாய், அதுவும் எழுதப்படுகிறதாம். பின்குறிப்பில் இருந்த இரண்டு வரிதான் உன்னுடையது. அதை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயம். தொலைபேசியில் அழைக்காதே. போன வாரம் நான்கு தடவை அடித்தது, நீதான் என்று தெரிந்தே எடுக்கவில்லை. நீ பேச ஆரம்பித்தால் நான் இளகிவிடுவேன். இருபத்தைந்து வருடமாக நமக்குள் அப்படித்தானே. காகிதத்தில் எழுது. காகிதம் என்றால் எனக்குப் பதில் சொல்ல வருகிறது.

உன் கோப்பை மதிய உணவு நேரத்தில் படித்தேன். பதினான்கு கூட்டங்கள், எல்லாம் மாதத்தின் முதல் செவ்வாய், மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிகின்றன. சான் செபஸ்தியானில் பூசைகூட நேரத்துக்கு முடிந்து நான் பார்த்ததில்லை. யார் எழுதியது, உன் செயலர் வில்மரா? நல்ல கற்பனை. நான் பன்னிரண்டு தீர்மானங்களை முன்மொழிந்திருக்கிறேன், ஆறு பேரைப் பாராட்டியிருக்கிறேன். எனக்கு அத்தனை பேரைப் பிடிக்காது என்று வில்மருக்குத் தெரியாதா?

அந்தக் குழு ஒரே ஒரு முறை கூடியது. உன் பிறந்தநாள் கேக் வெட்ட.

நான் ஏன் வேலையை விட்டேன் என்று மறந்துவிட்டாய் போல. மூன்றாம் ஆண்டில் முப்பத்துநான்கு பேருக்கு மருந்தளவுக் கணக்கு வைத்தேன். பதினெட்டுப் பேர் தப்பாகப் போட்டார்கள். இவர்களை வார்டுக்கு அனுப்பாதீர்கள், திரும்பச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் கொடுங்கள் என்று ஒரு பக்கம் எழுதி உன் அலுவலகத்தில் கொடுத்தேன். வருடக் கடைசியில் உன் அறிக்கை வந்தது. எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் தொண்ணூற்றொரு சதவீதம் என்று போட்டிருந்தது. என் காகிதம் எங்கே போயிற்று என்று கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

கோப்பைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை.

நிமியா


லோஹா
20 செப்டம்பர் 2013

நிமியா,

சரி, வணக்கம் மரியாதை எல்லாம் வேண்டாம். நேராகவே எழுதுகிறேன்.

மதிப்பீட்டில் தோற்று மூடப்பட்ட பல்கலைக்கழகங்களை நீ பார்க்கவில்லை. போன வருடம் அந்தப் பிள்ளைகள் கக்கத்தில் கோப்பு வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். மூன்று வருடம் படித்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. திரும்ப முதல் வருடத்தில் உட்கார் என்றார்கள். ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள், என் அறையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். அந்த வரிசையில் இந்த முறை தமாரா நிற்கலாம். அவளுக்கு இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி.

செவிலியர் துறைக்கு அந்தக் காலத்துக் குறிப்புகள் இல்லையென்றால் அந்த அளவீட்டில் பூஜ்யம். ஏற்கெனவே நூலகத்திலும் முனைவர் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையிலும் அடிவாங்கப்போகிறோம். இந்தப் பூஜ்யமும் சேர்ந்தால் கடைசிப் பட்டியல்தான், மூடிவிடுவார்கள். ஆயிரத்து நூறு மாணவர்கள். உன் பதினான்கு கையெழுத்துக்கு அரை மணி நேரம் ஆகுமா?

தொண்ணூற்றொரு சதவீதத்தைப் பற்றி. நான் எந்த எண்ணையும் கற்பனை செய்யவில்லை. அளவுகோலில் நான்கு நிலைகள் உண்டு. மேல் இரண்டு நிலைகளில் பதினாறு பேர் இருந்தார்கள். அதற்கடுத்த ‘முன்னேறிக்கொண்டிருப்பவர்’ நிலையில் பதினைந்து பேர். அவர்களையும் எட்டியவர்களாகச் சேர்க்கலாம் என்று கையேட்டில் இடம் இருந்தது. சேர்த்தேன். எல்லாத் துறைக்கும் அப்படித்தான் செய்தோம். நீ கூட்டல் கழித்தல் பார்க்கிறாய், நான் ஒரு நிறுவனத்தை நிற்கவைக்கப் பார்க்கிறேன்.

கோபித்துக்கொண்டு போவது சுலபம், நிமியா. போனவளுக்கு மலைக்காற்று, நல்ல காப்பி. இருப்பவள்தான் இருநூறு அட்டவணைகளை நிரப்ப வேண்டும். குழு கூடவில்லை என்கிறாய். நான் எப்போது கூட்டியிருப்பேன்? ஒவ்வொரு செவ்வாயும் அட்டவணை நிரப்புவது எப்படி என்று பயிற்சிக்கு என்னை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கோப்பை மறுபடி அனுப்புகிறேன். எனக்காக வேண்டாம், தமாராவுக்காகப் போடு.

எனித்


போர்த்தோவேலோ
25 செப்டம்பர் 2013

எனித்,

மலைக்காற்றா? இங்கே தங்கச் சுரங்கத்துத் தூசிதான் காற்று. காப்பி மட்டும் நீ சொன்ன மாதிரி நன்றாக இருக்கும்.

தமாராவை நீ நடுவில் இழுத்ததும் உன் கடிதத்தைக் கசக்கி மேசைக்கடியில் எறிந்தேன். கோபத்தில்தான். இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன ஜூலையில் நம் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி கட்டாயக் கிராமச் சேவைக்காக நான் இப்போது வேலை செய்யும் சுரங்கத் தொழிலாளர் சங்க மருத்துவமனைக்கு வந்தாள். பெயர் வேண்டாம். அந்த முப்பத்துநான்கு பேரில் ஒருத்தி, உன்னுடைய தொண்ணூற்றொன்றில் இருப்பவள். நல்ல பெண், பொறுமைசாலி, குழந்தைகள் அவளிடம் அழாது. இதயக் கோளாறுள்ள ஒரு குழந்தைக்கு மருந்து ஏற்றச் சொன்னார்கள். குழந்தை எட்டுக் கிலோ. நான் அடுத்த கட்டிலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஊசிக்குழலைப் பார்த்தேன். அந்த மருந்தை அத்தனை உயரத்துக்கு யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பத்து மடங்கு இருந்தது.

“என்னம்மா பண்ணப் பாத்த?” என்று கேட்டேன்.

“கணக்கு சரியாத்தான் போட்டேன் மிஸ். பாருங்க” என்று நோட்டைக் காட்டினாள். அழக்கூட இல்லை. சரியாகப் போட்டதாக நம்பினாள். நீதான் அவளுக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறாயே.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அம்மா வெளியே வாழைக்காய் வறுத்ததைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அடுத்த கட்டிலில் நான் இல்லாத நாட்களைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

இப்போது உன் கோப்பு. இந்த முறை ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். பதினொன்றாவது குறிப்பை எடுத்துப் பார். 2 நவம்பர் 2010, செவ்வாய், மாலை மூன்று மணி, துறைக் கூட்ட அறை. ‘மருந்தளவுக் கணக்கின் முடிவுகள் பரிசீலிக்கப்பட்டன. திருப்திகரம். செவிலிப் பேராசிரியர் ஒஹேதா பாராட்டுத் தெரிவித்தார்.’ கணினியில் முதல் செவ்வாய்களை வரிசையாகப் பிடித்துப் போட்டிருக்கிறான் வில்மர். அது எந்த நாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நால்வரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், நீ உட்பட.

இறந்தோர் நாள், எனித். நாடு முழுக்க விடுமுறை. ஊரே கல்லறையில் இருந்தது. எஃப்ரேன் போய்ப் பதினோரு மாதம், எனக்குக் கணவன் இல்லாத முதல் நவம்பர். என்னால் தனியாகப் போக முடியாது என்று நீ வந்தாய். தூக்குவாளியில் அந்த நாளுக்கென்றே காய்ச்சும் ஊதாக் கஞ்சியும் ஒரு பை பொம்மை ரொட்டியும் கொண்டுவந்தாய். கல்லறை மாடத்துக்கு வெள்ளை அடித்தோம். உன் நீலப் பாவாடையில் சுண்ணாம்பு கொட்டியது. அங்கேதான் உன்னிடம் சொன்னேன்.

“முப்பத்திநாலுல பதினெட்டு தப்பு, எனித்.”

நீ தூரிகையைக் கீழே வைத்தாய். “பதினெட்டா? இப்ப யாருகிட்டயும் சொல்லாதடி. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டாய்.

அந்த நாளில் நான் பாராட்டினேன் என்று எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். தமாராவுக்காகக் கேட்கிறாய் அல்லவா? திருப்பி அனுப்பும் உன் கோப்போடு அந்தப் பரீட்சைத் தாளையும் வைத்திருக்கிறேன். ஒரே கேள்வி, விடை பின்பக்கம். அவளிடம் கொடுத்துப் பார்.

நிமியா


லோஹா
30 செப்டம்பர் 2013

நிமியா,

நேற்று ஞாயிறு. காலையில் இலையில் வேகவைத்த தமால் சாப்பிட்டு முடித்து, காப்பி பாதி இருந்தபோது கொடுத்தேன். சும்மா, புதிய வினாத்தாள் மாதிரி ஒன்று வந்திருக்கிறது, போட்டுப் பார் என்றேன்.

குழந்தை எட்டுக் கிலோ. கிலோவுக்கு ஐந்து மைக்ரோகிராம். குப்பியில் ஒரு மில்லிக்குக் கால் மில்லிகிராம். எத்தனை மில்லி ஏற்றுவாய்?

இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். “இவ்ளோதானா மா?” என்று தாளைத் தள்ளிவிட்டு ரொட்டிக்குக் கை நீட்டினாள். 1.6 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் புள்ளியியல் படித்தவள், மருந்து தெரியாது. தாளைத் திருப்பி உன் விடையைப் பார்த்தேன். 0.16.

தப்பு என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். “ஓ, ஒரு புள்ளிதானேமா தள்ளிப் போச்சு. வழிமுறை சரி. பாதி மார்க் குடுப்பாங்க.”

அந்தப் பாடத்தில் அவளுக்கு நான்காம் நிலை, நிமியா. மிகச் சிறந்தது. அட்டவணையில் அதை ஏற்றியது என் அலுவலகம். பாதி மதிப்பெண் கொடுக்கலாம் என்ற விதியைக் கையேட்டில் சேர்த்ததும் என் அலுவலகம்தான். உன் வார்டில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். ரொட்டியைக் கீழே வைத்தவள் மதியம் வரை அறையை விட்டு வரவில்லை. நான் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

இன்று காலை ரெக்டர் என்னையும் வில்மரையும் கூப்பிட்டார். நீ போடவில்லை என்றேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “அந்தம்மாவோட பழைய சம்பளப் பட்டியல் நம்மகிட்ட இருக்குல்ல? அதுல கையெழுத்து இருக்கும்ல? வில்மர் கை நல்ல கையாச்சே.” அவ்வளவுதான் சொன்னார். சிரிக்கக்கூட இல்லை. வில்மர் வெளியே வந்ததும் என்னிடம், “நீங்க சொன்னா நான் செய்யறேன் மேடம். ஆனா சொல்லாதீங்க” என்றான்.

வெள்ளிக்கிழமை கோப்புகளைப் பெட்டியில் வைத்து முத்திரை போடுவார்கள். உன்னிடம் இப்போது என்ன கேட்பது என்று எனக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போடு என்று எழுத வரவில்லை. போடாதே என்று எழுதவும் தைரியம் இல்லை.

எனித்


போர்த்தோவேலோ
2 அக்டோபர் 2013

எனித்,

அழைத்தாய் அல்லவா நேற்று? எடுத்திருப்பேன். கை போனது. அப்புறம் காகிதம்தான் நல்லது என்று தோன்றியது, ஏனென்றால் நீ கேட்டதை அனுப்பப்போகிறேன். பதினான்கு இல்லை, ஒன்று.

கூட்டக் குறிப்பு
நாள்: 2 நவம்பர் 2010, செவ்வாய், இறந்தோர் நாள்.
இடம்: லோஹா கல்லறைத் தோட்டம், எஃப்ரேனின் மாடத்துக்கு முன்.
வந்தவர்கள்: நிமியா ஒஹேதா, ஆசிரியர். எனித் சமனியேகோ, இயக்குநர்.
வராதவர்கள்: மற்ற மூவர். விடுமுறை.
பேசியது: மூன்றாம் ஆண்டு மாணவர் முப்பத்துநான்கு பேரில் பதினெட்டுப் பேருக்கு மருந்தளவு கணக்கிடத் தெரியவில்லை என்று ஒஹேதா தெரிவித்தார். இப்போது யாரிடமும் சொல்ல வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாக சமனியேகோ கூறினார். ஒஹேதா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.
முடிவு:
முடிந்த நேரம்: மழை வந்தபோது.
எழுதியது: 2 அக்டோபர் 2013, ஞாபகத்திலிருந்து.

எழுதிய தேதியையும் போட்டிருக்கிறேன். இது பழைய காகிதம் என்று யாரும் நினைக்கக் கூடாது. கையெழுத்து நீல மையில்தான். கடைசி வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது. நானும் அன்று வாயை மூடிக்கொண்டு கஞ்சி குடித்தேன். இரண்டரை வருடமாக உன்னை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்.

முடிவு என்ற இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். அன்று முடிவு எதுவும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவள் நீ, நான் எழுத முடியாது.

இதைக் கோப்பில் வைத்தால் உன் நாற்காலி போகலாம், எனக்கு அது தெரியும். வேண்டாம் என்றால் அடுப்பில் போடு, உன்மேல் வருத்தப்பட மாட்டேன், நிஜமாக. ஆனால் வில்மர் என் கையெழுத்தை வரைந்தால் திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் நானே வருவேன். மதிப்பீட்டாளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டுவேன்.

தமாராவைத் திட்டாதே. அவளுக்கு யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

நிமியா


லோஹா
9 அக்டோபர் 2013

நிமியா,

உன் பார்சல் வியாழன் மதியம் வந்தது. பேருந்து நிலையத்திலேயே நின்று படித்தேன். சுமை தூக்குகிறவர் இரண்டு தடவை தள்ளி நில்லுங்கள் என்றார்.

அன்று மாலையே கடைசி வருடப் பிள்ளைகள் இருபத்தொன்பது பேரையும் உட்காரவைத்து உன் கேள்வியைக் கொடுத்தேன். முழு மதிப்பெண் அல்லது பூஜ்யம், நடுவில் எதுவும் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். பதினொரு பேர் சரியாகப் போட்டார்கள். தமாராவும் அறைக்குள்ளே இருந்தாள், ஆனால் அந்த இருபத்தொன்பதில் அவளைச் சேர்க்கவில்லை. விடை அவளுக்குத் தெரியும் என்பதால் அவளே எழுந்து எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள்: “என்னைச் சேக்காதீங்க. நான் ஞாயித்துக்கிழமையே தப்பாப் போட்டுட்டேன்.”

வெள்ளிக்கிழமை காலையில் உன் காகிதத்தில் முடிவு என்ற இடத்தில் எழுதினேன்: ‘அன்று எதுவும் இல்லை. 4 அக்டோபர் 2013 அன்று எடுத்தது: இதைச் சரியாகச் செய்யும்வரை எவரும் வார்டுக்குப் போவதில்லை.’ உன் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். அந்தப் பதினான்கையும் வெளியே எடுத்தேன். வில்மர் பெட்டியை மூடி முத்திரை வைத்தான்.

திங்கட்கிழமை வந்தவர்களில் ரியோபாம்பாவிலிருந்து ஓர் அம்மா. குட்டையானவர், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். செவிலியர் துறைக் கோப்பைத் திறந்தார். ஒரே ஒரு தாளும், வியாழக்கிழமை விடைத்தாள்களும் இருந்தன. இடம் என்ற வரியை இரண்டு தடவை படித்தார்.

“மத்த கூட்டமெல்லாம் எங்க?”

“நடக்கல.”

ரெக்டர் இருமினார். அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், இருபத்தொன்பதையும். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் தன் நோட்டில் ஏதோ எழுதினார், என்னவென்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது, “எங்க ஊர்லயும் அன்னிக்கு லீவுதான்” என்று மட்டும் சொன்னார்.

அந்த அளவீட்டில் பூஜ்யம் வரலாம். முடிவு நவம்பர் கடைசியில். ரெக்டர் என்னோடு பேசுவதில்லை, கீழ்மாடியில் எனக்கு ஓர் அறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் இல்லாத அறை. இனி யாராவது கேள்வி கேட்டால் நான் அவர்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

தமாரா தினமும் பத்துக் கணக்குப் போடுகிறாள். நேற்று பத்தும் சரி. சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், சின்னப் பிள்ளை மாதிரி.

நவம்பர் இரண்டு இந்த முறை சனிக்கிழமை. எஃப்ரேனின் மாடத்துக்கு வெள்ளை அடித்து மூன்று வருடம் ஆகிறது. நீ போனபின் நான் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை, உன் முகத்தைப் பார்க்க முடியாதது மாதிரி அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தூரிகை நான் கொண்டுவருகிறேன். ஊதாக் கஞ்சி இந்த முறை தமாரா காய்ச்சுவாள், குறை சொல்லாமல் குடி. நீ குறிப்பேட்டைக் கொண்டு வா. எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடாதே.

எனித்